ஊருக்குத் தெரிஞ்சது வேற, ஊரையே விக்கிறது வேற

தை பிறந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது. களத்தில் நெல்லைக் காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கையெல்லாம் சுணை. வேட்டியில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

ஒரு பையன் குரல். என் பேரை அப்பா பேரோடு சேர்த்துச் சொன்னான். பிறகு வள்ளூர் என்றான். பிறகு சர்வே நம்பர், உட்பிரிவோடு. "சார், அந்த எழுபது சென்ட் குடுக்கற ஐடியா இருக்கா? கன்டெய்னர் யார்டுக்குப் பார்ட்டி ரெடியா இருக்காங்க."

நிலம் கேட்டு போன் வருவது எங்களுக்குப் புதுசு இல்லை. எங்க ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மீஞ்சூர் பக்கம். ஒரு பக்கம் 1,500 மெகாவாட் வள்ளூர் அனல் மின் நிலையம். கிழக்கே போனால் காமராஜர் துறைமுகம், அதைத் தாண்டிக் காட்டுப்பள்ளி. துறைமுகத்துக்குப் போகிற லாரியும் அங்கிருந்து வருகிற லாரியும் பொன்னேரி ரோட்டில் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். நெல்லு போட்ட இடத்தில் இன்றைக்குப் பெட்டி மேல் பெட்டியாகக் கன்டெய்னர் அடுக்கியிருக்கிறார்கள். இங்கே நெல்லுக்கு விலை இல்லாவிட்டாலும் மண்ணுக்கு விலை உண்டு. அதனால் புரோக்கர் போன் வந்தால் "இல்லப்பா" என்று சொல்லி வைத்துவிடுவோம்.

அன்றைக்கும் அப்படித்தான் வைக்கப் போனேன். அதற்குள் அவன் இன்னொன்று சொன்னான்.

"பயிர்க்கடன் வேற நிலுவைல இருக்கு போலிருக்கே சார். யோசிங்க. நல்ல ரேட்டு."

எனக்கு வெயிலிலேயே உடம்பு ஜில்லிட்டது. அந்தக் கடன் எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரிக்குத் தெரியும், கடன் கொடுத்த இடத்துக்குத் தெரியும். மகளுக்குக்கூடச் சொல்லவில்லை.

"யாருப்பா நீ? எங்கேர்ந்து பேசற?"

"ஆபீஸ்லேர்ந்து சார்."

"எந்த ஆபீஸ்? என் கடன் கணக்கு உனக்கு யாரு குடுத்தது?"

"லிஸ்ட்ல இருக்கு சார். டேட்டா விலைக்கு வாங்கறதுதான். எல்லாரும் வாங்கறாங்க."

யூரியா வாங்கினேன், பொட்டாஷ் வாங்கினேன் என்று சொல்வதைப் போலச் சொன்னான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏதோ ஒரு சம்பளத்துக்கு நாள் முழுக்க லிஸ்ட்டைப் பார்த்து நம்பர் போடுகிற பிள்ளை. கோபம் அந்த லிஸ்ட்மேல். அதில் நான் ஒரு வரி. எனக்கு மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர், எல்லாரும் எங்க ஊர்க்காரர்களாகத்தான் இருக்கும்.

பொங்கலுக்கு என் தங்கச்சி மகன் வந்திருந்தான். சிறுசேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

"இன்னா மாமா, இதுக்கெல்லாமா டென்ஷன் ஆவறீங்க? எனக்கு ஒரு நாளைக்குப் பத்து கால் வருது. பர்சனல் லோன் வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமான்னு. பிளாக் பண்ணிட்டுப் போய்க்கினே இருப்பேன். நம்மகிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்கு?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னான். "அதுவும் கிராமத்துல இருந்துக்கிட்டு பிரைவசின்றீங்களே மாமா. ஊர்ல ஒருத்தர் வீட்டு விஷயம் அடுத்தவனுக்குத் தெரியாம இருக்குமா?"

பட்டணத்தில் இருக்கிற நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தரங்கம் என்பது படித்தவர்கள், பணக்காரர்கள் சமாச்சாரம், கிராமத்தானுக்கு அது எதற்கு என்று. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவன் சொன்னதில் பாதி சரி. எங்க ஊரில் ரகசியம் கிடையாது. எந்த வீட்டில் என்ன குழம்பு என்று தெருவில் நடந்தாலே தெரியும். யார் நகை அடகில் இருக்கிறது என்று கல்யாண வீட்டில் கழுத்தைப் பார்த்தால் தெரியும். மொய் நோட்டு என்று ஒன்று வைத்திருக்கிறோம். எந்த வருஷம், யார் வீட்டு விசேஷத்துக்கு, யார் எவ்வளவு எழுதினார்கள் என்று அப்பா காலத்திலிருந்து அதில் இருக்கிறது. ஒரு குடும்பம் எப்போது நன்றாக இருந்தது, எப்போது நொடித்தது என்று அந்த நோட்டைப் புரட்டியே சொல்லிவிடலாம். நீங்கள் சொல்கிற டேட்டா எல்லாம் எங்களிடம் அப்போதே இருந்தது.

ஆனால் என் மொய் அவன் வீட்டு நோட்டில் இருக்கிறது என்றால், அவன் மொய் என் வீட்டு நோட்டில் இருக்கிறது. என் கடன் அவனுக்குத் தெரியும், அவன் கடன் எனக்கும் தெரியும். அதை வைத்து அவன் என்னை அசிங்கப்படுத்தினால், நாளைக்கு அதே டீக்கடையில் அவன் என் முகத்தில் விழித்தாக வேண்டும். அவன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்னிடம் வந்து விசாரிப்பார்கள். அந்தப் பயம் இருக்கும். ரெண்டு பக்கமும் தெரிந்தது என்பதால் ரெண்டு பக்கமும் ஒரு அடக்கம்.

போனில் பேசினவனுக்கு என் அப்பா பேர் தெரியும். எனக்கு அவன் பேர்கூடத் தெரியாது. திரும்பக் கூப்பிட்டால் அந்த நம்பர் போகவே இல்லை. ஊரில் ஒளிவுமறைவு இல்லை என்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்கள்?

போன் தொந்தரவு என்றால் நானும் பிளாக் பண்ணிவிட்டுப் போயிருப்பேன். எனக்குப் பயம் வேறு. பக்கத்து வயல் அண்ணன் கதையைச் சொன்னால் புரியும். பேர் வேண்டாம். மகள் கல்யாணத்துக்காக நகையை அடகு வைத்திருந்தார். இடம் எது என்பதும் வேண்டாம். ரெண்டு வருஷமாக வட்டி கட்ட முடியவில்லை. ஏலம் போடப் போகிறோம் என்று அவருக்கு நோட்டீஸ் வந்தது. நோட்டீஸ் வந்த அதே வாரம் ஒரு நிலப் புரோக்கர் போன் செய்கிறான். அதற்கு முன்னால் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள், அண்ணன் அசையவில்லை. இவன் ஏலத் தேதிக்கு ரெண்டு நாள் முன்னால் நேரிலேயே வந்து முன்பணத்தைத் திண்ணையில் வைத்தான். பக்கத்தில் நடக்கிற விலையில் முக்கால் பங்குகூட இல்லை. அண்ணன் வாங்கிக்கொண்டார். நகை வந்தது, நாற்பது சென்ட் போனது.

அவருக்கு எப்போது மூச்சு முட்டும் என்று அவனுக்குத் தேதியோடு தெரிந்திருந்தது. தற்செயல் என்று சொல்வீர்கள். இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. இந்த வியாபாரத்தில் வாங்கியவனிடமும் ரசீது இருக்காது, விற்றவனிடமும் இருக்காது. நிலம் போனவர் கையில் என்ன இருக்கப் போகிறது?

ஒரு காலத்தில் சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விற்கிறவனின் அவசரம் வாங்குகிறவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது, அதற்குத்தான் அந்தத் துண்டு. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் புரிந்து வைத்திருந்ததை இன்றைக்கு மறைக்க என்ன இருக்கு என்று கேட்கிறோம். என் மருமகன் சம்பளப் பேச்சுக்குப் போகும்போது, அவனுக்கு எத்தனை மாசத் தவணை பாக்கி என்று கம்பெனிக்காரன் கையில் லிஸ்ட் இருந்தால் என்ன ஆகும்? இதைக் கேட்டேன். அதற்கப்புறம்தான் அவன் சிரிப்பை நிறுத்தினான்.

சரி, லிஸ்ட் எங்கிருந்து கிளம்புகிறது?

நாங்கள் ஒரு வருஷத்தில் எங்கெல்லாம் கொடுக்கிறோம் என்று பாருங்கள். ரேஷன் கடையில் விரலை வைக்கிறோம். கொள்முதல் நிலையத்தில் நெல்லு போட ஆன்லைனில் பதிய வேண்டும். ஆதார், பாஸ்புக், சிட்டா, அடங்கல், போன் நம்பர். இவ்வளவும் கொடுத்தால்தான் 2025-26 பருவத்தில் சன்னரகம் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய் கிடைத்தது. வருஷத்துக்கு 6,000 ரூபாய் தருகிற பிஎம் கிசானுக்கு ஆதார், வங்கிக் கணக்கு, நில விவரம். 2025-ல் விவசாயிக்குத் தனி அடையாள எண் என்றார்கள். ஆதாரையும் நிலத்தையும் போன் நம்பரையும் ஒன்றாகக் கோத்துப் பதினோரு இலக்க எண். மார்ச் 31-க்குள் பதியாவிட்டால் பணம் வராது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தேதியைத் தள்ளிப்போட்டார்கள். அதற்கு முந்தின நவம்பரில், எந்த வயலில் என்ன பயிர் என்று போனில் படம் பிடித்து ஏற்றுகிற டிஜிட்டல் கணக்கெடுப்புக்கு வேளாண்மைக் கல்லூரிப் பிள்ளைகளை வரப்பில் இறக்கிவிட்டார்கள். பாவம், பாம்புக்கும் தேளுக்கும் பயந்துகொண்டே நடந்த பிள்ளைகள்.

இவை எதையும் எங்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நீங்கள் ஒரு செயலியை வேண்டாம் என்று அழித்துவிடலாம். நான் ரேஷன் கடையை அழிக்க முடியாது.

இந்தக் கவுன்ட்டருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடை இருக்கிறது. ஜெராக்ஸ், பிரவுசிங், பான் கார்டு, பாஸ்போர்ட் எல்லாம் போடுகிற கடை. "அண்ணே, வாட்ஸப்ல அனுப்புங்க, பிரின்ட் போட்டுத் தரேன்" என்பான் அந்தப் பிள்ளை. அனுப்புவோம். அது அவன் போனிலும் கம்ப்யூட்டரிலும் அப்படியே கிடக்கும். ஓடிபி வந்தால் அவனே கேட்டுப் போட்டுக்கொள்வான், எங்களில் பாதிப் பேருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஒரு தடவை மீஞ்சூரில் பஜ்ஜி வாங்கினேன். மடித்துக் கொடுத்த தாளில் ஒரு அம்மா போட்டோ, ஆதார் நம்பரோடு. எண்ணெய் ஊறி முகம் கறுத்திருந்தது. அதைச் சாக்கடையில் போட மனசு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்பில் போட்டேன்.

2022 மே மாசம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. ஆதார் ஜெராக்ஸைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற காப்பியைக் கொடுங்கள் என்று. நல்ல வார்த்தை. ரெண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்லி அதை வாபஸ் வாங்கிவிட்டார்கள். நாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோம். எல்லாக் கவுன்ட்டரிலும் முழு ஜெராக்ஸ் கேட்கிற நாட்டில் அந்த எச்சரிக்கையைக் கடைப்பிடித்தால் ஒரு வேலையும் நடக்காது, அதுதான் சங்கதி.

என் கடை, என் ஊர் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2018 ஜனவரியில் சண்டிகரிலிருந்து வருகிற டிரிப்யூன் பத்திரிகையில் ரச்னா கைரா என்ற நிருபர் எழுதினார். 500 ரூபாயை போனில் அனுப்பினால் பத்து நிமிஷத்தில் யாருடைய ஆதார் எண்ணைப் போட்டாலும் பேர், முகவரி, போட்டோ பார்க்கிற வழி கிடைத்தது என்று. அந்த ஓட்டையைக் காட்டியதற்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அந்த நிருபர் பேரையும் சேர்த்துப் போலீஸில் புகார். 2021-ல் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகள் 49 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஆதார் எண், குடும்ப விவரம் ஹேக்கர்கள் கூடுகிற இடத்தில் கிடக்கிறது என்று ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு போன் நம்பரைப் போட்டால், கொரோனா ஊசி போட்டவரின் பேர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தது. ஆதாரமில்லாத விஷமப் பிரசாரம் என்றது சுகாதாரத் துறை. பிறகு பீகாரில் ஒருவரைக் கைது செய்தார்கள். ஆதாரமில்லாத விஷயத்துக்கு எதற்குக் கைது என்று நான் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம் ஆகிவிடும்.

இவற்றையெல்லாம் விட எங்களை நேராகத் தொட்டது 2020-ல் நடந்த பிஎம் கிசான் மோசடி. நகரத்து நண்பர்கள் அந்தச் செய்தியை ஒரு நாள் படித்துவிட்டு மறந்திருப்பீர்கள். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி என்று தொடங்கி மாநிலம் முழுக்க, தகுதி இல்லாத சுமார் ஐந்தரை லட்சம் பேர் விவசாயிகள் பட்டியலில் ஏறியிருந்தார்கள். 110 கோடி ரூபாய். அதிகாரிகளுடைய பாஸ்வேர்டை ஒப்பந்த ஊழியர்களும் கம்ப்யூட்டர் மையக்காரர்களும் புரோக்கர்களும் கையில் வைத்துக்கொண்டு ஏற்றியிருக்கிறார்கள். கொரோனா நிவாரணம் வருகிறது என்று சொல்லிப் பல இடங்களில் ஏழை ஜனங்களிடம் ஆதாரும் பாஸ்புக்கும் வாங்கினார்கள். ஊரடங்கு நேரம். வேலை இல்லை, வருமானம் இல்லை. யார் யோசித்துக் கொடுப்பார்கள்? பணம் வந்ததும் புரோக்கர் தன் பங்கை எடுத்துக்கொண்டான். விஷயம் வெளியே வந்ததும் அரசாங்கம் அந்தக் கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்பப் பிடித்தது. புரோக்கருக்குக் கொடுத்த பங்கையும் சேர்த்துத்தான் அவர்கள் திருப்ப வேண்டியிருந்தது. பேர் அவர்களுடையது, கணக்கு அவர்களுடையது, அதனால் குற்றமும் அவர்களுடையது என்று ஆனது. நிறைய ஒப்பந்த ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள், சிலரைக் கைது செய்தார்கள், அது நடந்தது. ஆனால் தன் பேர் எங்கே எதற்குப் போனது என்று தெரியாமலேயே திருடனாக நின்ற ஜனங்களுக்கு யார் என்ன சொன்னார்கள்?

இன்னும் மோசம் கடன் செயலி. அதே ஊரடங்குக் காலம்தான். ஐயாயிரம் ரூபாய் கடனுக்கு போனில் இருக்கிற எல்லா நம்பரையும் எடுத்துக்கொள்வான். கட்டத் தவறினால் மாமனாருக்கும் கூட வேலை பார்ப்பவருக்கும் இவன் திருடன் என்று படம் போட்டு அனுப்புவான். தமிழ்நாட்டிலும் தெலங்கானாவிலும் உயிரை விட்டவர்கள் உண்டு. 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்தியக் குற்றப்பிரிவுப் போலீஸ் பெங்களூரு வரை போய் ரெண்டு சீனர்கள் உட்பட நாலு பேரைப் பிடித்தார்கள். மறைக்க என்ன இருக்கு என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தச் செத்துப்போனவர்கள் எந்தக் குற்றத்தையும் மறைக்கவில்லை. இல்லாமையைத்தான் மறைத்தார்கள்.

மருமகன் இப்போது என் பக்கம் வந்துவிட்டான். "அதுக்குத்தான் மாமா சட்டம் வந்திருக்கு" என்று லேப்டாப்பைத் திறந்தான். அவன் படித்துச் சொல்ல, புரியாததை நான் ரெண்டு தடவை கேட்க, மாட்டுப் பொங்கல் மத்தியானம் பூரா அதிலேயே போனது. கறிக்குழம்பு ஆறுகிறது என்று தங்கச்சி திட்டிக்கொண்டே இருந்தாள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடகத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஆதாரை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனபோது அவருக்கு வயசு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் விவரத்தைக் காக்கத் தவறுகிற நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

"அந்த 250 கோடி யாருக்குப் போகும்?" என்று கேட்டேன்.

படித்துப் பார்த்தான். இந்தியத் தொகுப்பு நிதிக்கு. அதாவது அரசாங்கத்துக்கு.

"நாற்பது சென்ட் போன அண்ணனுக்கு?"

ஒன்றும் இல்லை. இதற்கு முன்னால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்ததாம், கவனக்குறைவாக விவரத்தைக் கசியவிட்ட நிறுவனம் பாதிக்கப்பட்டவனுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று. அதையும் இந்தப் புதுச் சட்டம் எடுத்துவிடுகிறது. வயலில் மாடு மேய்ந்துவிட்டது, பஞ்சாயத்து கூடுகிறது, மாட்டுக்காரனுக்கு அபராதம் போடுகிறது, அபராதத்தைப் பஞ்சாயத்தே எடுத்துக்கொள்கிறது, பயிர் போனவன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்க ஊர்ப் பஞ்சாயத்தில் இப்படித் தீர்ப்புச் சொன்னால் சிரித்துவிடுவார்கள். இன்னொரு வேடிக்கை: பொய்யான, அற்பமான புகார் கொடுத்தால் புகார் கொடுத்தவனுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. என்னிடம் ரசீது இல்லை என்று மேலே சொன்னேனே, நான் போய்ப் புகார் கொடுப்பேனா?

ஒப்புதல் இல்லாமல் எடுக்கக் கூடாது என்கிறது சட்டம். சரி. ஆனால் மானியம், சலுகை, சேவை கொடுப்பதற்காக அரசாங்கம் எடுத்தால் புது ஒப்புதல் தேவை இல்லாத வழியும் ஏழாவது பிரிவில் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் விவரத்தைக் கொடுப்பதே மானியத்துக்கும் சலுகைக்கும்தான். நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி எந்த அரசு அமைப்புக்கு வேண்டுமானாலும் மத்திய அரசு முழு விலக்குக் கொடுக்கலாம். சட்டப்படி பொதுவில் வைத்த விவரம் இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. அப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் என் பங்குக்கு மிஞ்சுவது களத்தில் ஒட்டிய பதர்தான்.

இதில் எனக்கு ரொம்ப உறுத்தியது தேதி. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. எங்களைக் காப்பாற்றுகிற முக்கியமான பிரிவுகள் 18 மாசம் கழித்துத்தான் அமலுக்கு வரும். அதாவது 2027 மே. கம்பெனிகள் தயாராக வேண்டுமாம். ஆனால் அதே சட்டத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் திருத்துகிற ஒரு பிரிவு இருக்கிறது. அது அந்த நவம்பரிலேயே உடனே அமலுக்கு வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒருத்தரின் தனிப்பட்ட விவரமாக இருந்தாலும், பொது நன்மை இருந்தால் கொடுக்கலாம் என்று 8(1)(ஜே) பிரிவிலேயே எழுதியிருந்தது. இப்போது தனிப்பட்ட விவரமா, கிடையாது என்று சுருக்கிவிட்டார்கள். பொது நன்மைக்குக் கொடுக்க 8(2) என்று வேறு பிரிவு இருக்கிறதே என்கிறது அரசாங்கம். இருக்கிறது. கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற அதிகாரி எந்தப் பிரிவை முதலில் எடுப்பார் என்பது தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்குத் தெரியும்.

அவர்களுடைய கதவுக்கு அன்றைக்கே தாழ்ப்பாள். எங்கள் வீட்டுக் கதவுக்குத் தச்சன் 2027-ல் வருவான்.

இங்கே மருமகன் ஒரு கிடுக்கிப்பிடி போட்டான். "மாமா, பட்டா சிட்டாவை ஆன்லைன்ல போட்டதும் நீங்கதான சந்தோஷப்பட்டீங்க? இப்ப விவரம் வெளியே போவுதுன்றீங்க. ரெண்டும் எப்படி?"

நல்ல கேள்விதான். அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன், இன்றைக்கும் சந்தோஷம்தான். சிட்டா நகல் ஒன்றுக்காக நாலு நாள் அலைந்து, கையில் வைத்துவிட்டு வாங்கிய காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வில்லங்கம் பார்க்கவும் அப்படித்தான். இன்றைக்கு உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். பயனாளிகள் பட்டியல் ஊர்வாரியாகத் தெரிந்தால்தான், நிலமே இல்லாதவன் பேர் அதில் எப்படி வந்தது என்று எங்களால் கேட்க முடியும். பொதுவில் இருக்க வேண்டியது இருக்கட்டும். என் நிலத்தை வாங்க வருகிறவன் என் பட்டாவைப் பார்த்தால் பார்க்கட்டும், அது அவன் உரிமை.

ஆனால் பட்டாவில் என் போன் நம்பர் இல்லை. என் கடன் இல்லை. ஏலத் தேதி இல்லை. பட்டாவை ஓரிடத்தில் எடுத்து, நம்பரை இன்னோரிடத்தில் எடுத்து, கடனை மூன்றாவது இடத்தில் எடுத்து மூன்றையும் கோக்கிறான் பாருங்கள், அப்போதுதான் அது சரக்கு ஆகிறது. ஊர் முழுக்க அப்படிக் கோத்து மூட்டை கட்டினால் விலை. தனித்தனியாக ஒவ்வொன்றும் ஒன்றும் இல்லாத விஷயம்தான். ஊரில் வத்திக்குச்சி எல்லார் வீட்டிலும் இருக்கிறது, வைக்கோற்போர் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

அதனால்தான் விவசாயிக்கு ஒரே எண், எல்லாம் அதில் என்று சொல்லும்போது எனக்கு வயிறு கலங்குகிறது. புரோக்கன் கஷ்டப்பட்டுக் கோத்ததை இப்போது அரசாங்கமே கோத்து வைக்கிறது. நல்ல எண்ணத்தில்தான், கடன் சீக்கிரம் கிடைக்கும், மானியம் நேராக வரும் என்கிறார்கள். வரட்டும். 2021 ஏப்ரலில் ஆறு மாநிலங்களில் நூறு கிராமத்து விவசாயிகள் விஷயமாக மைக்ரோசாப்ட் கம்பெனியோடு மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. அடுத்த மாசமே 55 அமைப்புகள் சேர்ந்து, முதலில் விவசாயியைக் கேளுங்கள், சட்டத்தைக் கொண்டுவாருங்கள், அப்புறம் கம்பெனியைக் கூப்பிடுங்கள் என்று எழுதின. அதில் தமிழ்நாட்டுக் கிராமம் எதுவும் கிடையாது. ஆனால் முறை அதேதான். எங்களை யாரும் கேட்கவில்லை. ஒருத்தரும் எங்க ஊரில் கூட்டம் போட்டு, இன்ன விவரம் எடுக்கிறோம், இன்னாருக்குக் கொடுப்போம், இன்னாருக்குக் கொடுக்க மாட்டோம் என்று சொல்லவில்லை. முகாம் போட்டார்கள், வரிசையில் நிற்கச் சொன்னார்கள், ஓடிபி கேட்டார்கள். அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிசாக எதுவும் இல்லை. என் பதினோரு இலக்க எண்ணைப் போட்டு யார் யார் என் விவரத்தைப் பார்த்தார்கள், எந்தத் தேதியில், எதற்காக என்று எனக்கு ஒரு கணக்கு வேண்டும். பேங்க் பாஸ்புக்கில் வரவு செலவு எழுதித் தருகிறார்களே, அது மாதிரி. கிராம சபையில் வருஷத்துக்கு ஒரு தடவை அதைப் படிக்கட்டும். கசிந்தால் கசியவிட்டவர் பாதிக்கப்பட்டவர் கையில் பணம் கொடுக்கட்டும். ரசீது என்னிடம் கேட்காதீர்கள். கசியவில்லை என்று நிரூபிக்க வேண்டியது விவரத்தை வாங்கி வைத்திருப்பவர். நாலு எண் மட்டும் தெரிகிற ஆதார் காப்பியை எல்லாக் கவுன்ட்டரும் வாங்கியே ஆக வேண்டும் என்று ஓர் உத்தரவு போடட்டும். இதற்கெல்லாம் சாட்டிலைட் தேவை இல்லை.

பொங்கல் முடிந்து மருமகன் ஊருக்குப் போன பிறகு, நான் அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். தெரிந்த பிள்ளைதான், அவன் அப்பாவும் நானும் ஒரே பள்ளிக்கூடம். "தம்பி, உன் கம்ப்யூட்டர்ல என் பேர்ல இருக்கறதெல்லாம் அழிச்சிடுப்பா" என்றேன். அவன் ஒரு மாதிரி பார்த்தான். கோபப்படவில்லை. தேடினான். என் பேரில் பதினாலு இருந்தது. ஆதார் மட்டும் ஆறு தடவை. வீட்டுக்காரி பேரில் ஒன்பது. ஒவ்வொன்றாக அழித்தான். குப்பைத் தொட்டியிலும் அழிக்கச் சொன்னேன், அதையும் செய்தான்.

"பெரியப்பா, தாத்தா பேர்லயும் ஒண்ணு இருக்கு" என்றான்.

அப்பா போய் நாலு வருஷம் ஆகிறது. முதியோர் பென்ஷனுக்கு எழுதிய மனு. அடியில் அவர் கைநாட்டு. அதன் பக்கத்தில், கட்டத்துக்குள் அடங்காத போட்டோ. எங்கள் வீட்டில்கூட அந்தப் போட்டோ இல்லை.

"அதையும் அழிச்சிடட்டா?"

"இரு. முதல்ல ஒரு கலர் பிரின்ட் போடு. அப்புறம் அழி" என்றேன்.

பத்து ரூபாய் வாங்கிக்கொண்டான்.